அங்குலத்துக்கு மூன்று தையல்

காது ஒன்றே படைத்தும் எவர் சொல்லையும் கேளாத ஊசியே, வாழி! மேலே மூழ்கிக் கீழே எழுந்து, கீழே மூழ்கி மேலே எழும் இரும்பு மீனே, வாழி! புதன்கிழமைதோறும் நார்ட்பி ஊர் லுத்தரன் கிறித்தவ சபையின் தேவாலய நிலவறையில் குமுறிக் கொதிக்கும் காபி அண்டாவே, நீயும் வாழி! உங்கள் மூவரையும் வணங்கி (ஊசியை இரண்டு முறை வணங்கியதால் மூன்று என்று கணக்கு), அந்நிலவறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோப்பை கழுவிவரும் அடியேன், ஏழடி நீளமுள்ள ஒரு துணியோரத்தின் பொருட்டு ஆறு வாரம் நிகழ்ந்த மாபெரும் போரைச் சொல்லத் துணிந்தேன். துணியின் கதையைத் துணியாமல் சொல்ல முடியாது. குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் அண்டாவிலிருந்து ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு ஓரமாக உட்காருங்கள்.

மினசோட்டாவின் மேற்கே, கண்ணுக்கு எட்டிய தூரமும் சோளக்கொல்லை, எட்டாத தூரமும் சோளக்கொல்லை எனக் கிடக்கும் நார்ட்பியில், தானியக் களஞ்சியத்தை நாற்பத்தோராண்டு காத்து ஓய்வுபெற்ற ஓர்லின் பிரெக்கே என்னும் மாவீரன் இருந்தான். அகன்ற தோளினன், அதனினும் அகன்ற இடையினன், பனிக்கால பூட்ஸைக் கழற்றாமல் எவர் வீட்டுக்குள்ளும் கால் வைக்காத சீலன், குளிரில் சபைக் கட்டடத்தைச் சூடேற்றும் கொதிகலன் மக்கர் பண்ணும்போதெல்லாம் அதன் வயிற்றில் தலையை விட்டு அதைத் திட்டாமலே திருத்தவல்ல பொறுமைசாலி. ஆனால் பேச்சிலே பரம கஞ்சன். மினியாபொலிஸ் நகரில் தாதியாக வேலை பார்த்த ஒரே மகள் சோன்யாவிடம் தொலைபேசியில் ‘அங்க பனி எவ்ளோ’ என்று கேட்பான், அவள் அங்குலக் கணக்கில் பதில் சொல்வாள், இவன் இங்கே எவ்வளவு என்று அங்குலக் கணக்கில் சொல்வான், இருவரும் சற்று நேரம் மூச்சு விடுவார்கள், வைத்துவிடுவார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவன் அவளிடம் பாசமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாசம் இல்லை என்று எவனாவது சொன்னால் அடியேன் அவன் கோப்பையைக் கழுவ மாட்டேன்.

அந்தச் சோன்யாவுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பிப்ரவரி மாதத்தில், பனி இடுப்பளவு கிடக்கும் சனிக்கிழமையில், பக்கத்து ஊரான எல்ம்விக்கைச் சேர்ந்த ஒருவனோடு. மணம் முடிந்ததும் நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி, ஏரிக்கரை நகரமாகிய டுலூத்தில் குடியேறப் போகிறார்கள் என்பதும் செய்தி.

நார்ட்பி சபையில் ஒரு பெண்ணுக்குத் திருமணம் என்றால் அவளுக்கு ஓர் ஒட்டுப்போர்வை உண்டு. கடையில் வாங்குவதில்லை, வாங்கலாமே என்று கேட்டவரை மூன்று வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள். பழைய சட்டை, பாவாடை, திரைச்சீலை என்று கைக்கு வந்ததையெல்லாம் துண்டு துண்டாக வெட்டி, மோதிரத்துக்குள் மோதிரம் கோத்த வடிவமாக இணைத்து, அடியில் பஞ்சு பரப்பி, அதற்கும் அடியில் ஒரு துணி விரித்து, மூன்றையும் கட்டில் அகலத்து மரச்சட்டத்தில் விறைக்க இழுத்துக் கட்டி, எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓட்டுத்தையல் போட்டு முடிப்பார்கள். தலைமாட்டு ஓரத்தில் மட்டும் ஏழடிக்கு ஒரு வரிசையைக் காலியாக விடுவார்கள். அதற்கு அம்மா வரிசை என்று பெயர். மணப்பெண்ணைப் பெற்றவள் வந்து உட்கார்ந்து தன் கையால் தைப்பது அது. படுத்துக்கொண்டு போர்வையை இழுத்தால் பெண்ணின் கன்னத்தில் படுவது அந்த வரிசைதான்.

இங்கேதான் சிக்கல். சோன்யாவைப் பெற்ற ஜீனெட், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, விதைச்சோளம் விற்க வந்த ஒருவரோடு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். மறுநாள் புதன்கிழமை நிலவறையில் எட்டுப் பெண்களும் கூடி மூன்று மணி நேரம் வானிலை பற்றிப் பேசினார்கள். ஓர்லின் வீட்டுக்கு ஒரு மாதம் மூடிபோட்ட கறிச்சட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அதோடு சரி. ஜீனெட் என்ற பெயரை அதற்குப் பிறகு அந்த நிலவறையில் யாரும் உச்சரிக்கவில்லை.

இனி, எதிர்த்தரப்பு. நிலவறையின் பேரரசி, ஊசிக்கு ஒரு நாடு இருந்தால் அதற்கும் அரசி, லவான் ஹெக்டால். மெலிந்த மேனியள், சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடியள், நடுவிரலில் வெள்ளி விரலுறை அணிந்து, அங்குலத்துக்குப் பதினொரு தையல் போடும் கையள். பத்து போடுகிறவர்களை மாவட்டம் முழுவதும் எண்ணினால் ஒரு கையின் விரல்கள் போதும். பதினொன்றுக்கு அவள் மட்டும்தான். ஆளற்ற அம்மா வரிசை எதுவாயினும் அதைத் தைக்கும் உரிமை அவளுடையது. தாய் இறந்துபோன இரண்டு பெண்களுக்கும், தாய்க்குக் கை நடுங்கிய ஒருத்திக்கும் அவள்தான் தைத்தாள். சோன்யாவுக்கும் தானே என்று நினைத்ததில் குற்றமில்லை. போதாக்குறைக்கு மணமகனின் பெரியம்மா வில்மா, எல்ம்விக் சபைப் போர்வைக் குழுவின் தலைவி. திருமண விருந்தில் போர்வையை மேசைமேல் விரித்து வைப்பார்கள், வில்மா வருவாள், ஓரத்தைப் புரட்டுவாள், கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு தையலை எண்ணுவாள். அந்த எண்ணிக்கைக்காக லவான் டிசம்பரிலிருந்தே கையுறை போட்டு விரல்களைப் பாதுகாத்துவந்தாள்.

ஜனவரி முதல் புதன்கிழமை. வெளியே மூக்கு உறையும் குளிர். நிலவறையில் எட்டு ஊசிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அப்போது படிக்கட்டு அதிர்ந்தது. கொதிகலனைப் பார்க்க வந்த ஓர்லின் கொதிகலனைத் தாண்டி நடந்தான். சட்டத்தின் தலைமாட்டுப் பக்கம் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். பின் உலகம் கேட்க, எட்டுத் திசையும் எட்டுப் பெண்களும் திடுக்கிட, தன் பிரகடனத்தை வெளியிட்டான்.

“அந்த வரிசைய நான் தைக்கலாம்னு பாக்குறேன்.”

காபி அண்டா மட்டும் குமுறியது. லவானின் ஊசி துணிக்குள் பாதியில் நின்றது. அவளுக்கு வலப்பக்கம் உட்காருகிற மார்லிஸ், அவளுடைய நாற்பதாண்டுத் தோழி, தொண்டையைச் செருமினாள்.

“தைக்கலாமே. தச்சுப் பழக்கம் உண்டா ஓர்லின்?”

“களஞ்சியத்துல சாக்கு தச்சிருக்கேன்.”

“ஓ. அப்ப சரி,” என்றாள் மார்லிஸ். அப்ப சரி என்றால் சரியே இல்லை என்று பொருள். இது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே, அதை யார் சொல்வது? நார்ட்பியில் எவரும் எவரையும் முகத்துக்கு நேரே மறுத்ததாக வரலாறு இல்லை. வீடு தீப்பிடித்தால்கூட ‘உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா’ என்று தொடங்கித்தான் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார்கள். லவான் எழுந்தாள். தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஓர்லின் அமர்ந்தான், நாற்காலி முனகியது.

அந்தோ, அந்தக் கை! கோணியூசி பிடித்துப் பிடித்து உருண்டு திரண்ட கை. குண்டூசி அளவு ஊசி அதன் இரு விரலுக்கு நடுவே காணாமல் போய், பின் தேடிக் கண்டெடுக்கப்பட்டது. நாக்கு நுனி வாயோரத்தில் எட்டிப் பார்க்க, புருவம் இரண்டும் ஒன்றாகச் சேர, மூச்சை அடக்கி ஒரு குத்து. மூச்சை விட்டு ஓர் இழுப்பு. மூட்டை வாயைக் கட்டுகிற இழுப்பு. துணி சுருங்கிக் கூப்பாடு போட்டது. அங்குலத்துக்கு மூன்று தையல். சில இடங்களில், அவன் நிறையக் கவனம் செலுத்திய இடங்களில், இரண்டரை. மேலும் கீழுமாக மலைப்பாதை போல வளைந்து வளைந்து, மூன்று மணி நேரத்தில் ஏழடியும் முடிந்தது. ஊசியைக் கீழே வைத்தபோது அவன் சட்டை முதுகு நனைந்திருந்தது.

எட்டுப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். லவான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எதிரியின் நெஞ்சைப் பிளக்கவல்லதும், வசைகளுக்கெல்லாம் தலைமை தாங்குவதுமாகிய அந்தச் சொல்லை, எங்கள் ஊரில் ஆண்டுக்கு இருமுறை மட்டும் உறையிலிருந்து உருவப்படும் அந்தச் சொல்லை, மெல்ல எடுத்து வீசினாள்.

“வித்தியாசமா இருக்கு.”

ஓர்லின் இந்த ஊரில் பிறந்தவன். அடி எங்கே பட்டது என்று அவனுக்குத் தெரியும். “ஆமா,” என்றான். எலுமிச்சை இனிப்பு ஒரு துண்டு எடுத்துத் தின்றான். கொதிகலனைப் பார்க்காமலே போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை, சபையின் சாவி வைத்திருக்கும் நால்வரில் ஒருத்தியாகிய லவான் தனியே வந்தாள். கொக்கிமுனை கொண்ட தையல் பிரிப்பானை உயர்த்தினாள். ஓர்லினின் ஏழடியையும் ஒரு தையல் விடாமல் பிரித்தெறிந்து, அதே இடத்தில் அங்குலத்துக்குப் பதினொன்றாகத் தைத்துவிட்டு, நூல் துணுக்குகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். அவளைக் கேட்டால் இது கருணை என்பாள். ஓர்லினுக்கு மனம் நோகாது, சோன்யாவுக்கு நல்ல போர்வை கிடைக்கும், வில்மாவின் வாய் அடைபடும். நல்ல மனதோடு செய்த காரியம் என்றே அடியேனும் நம்புகிறேன். ஆனால் நல்ல மனதோடு செய்த காரியத்துக்கு அவள் ஏன் நூல் துணுக்கைக் கைப்பையில் போட்டாள்?

அடுத்த புதன்கிழமை ஓர்லின் வந்தான், வரிசையைப் பார்த்தான். தான் பெற்ற பிள்ளை ஒரு வாரத்தில் வேறு முகத்தோடு நிற்பதைப் பார்த்தவன் என்ன செய்வான்? மற்ற ஊர்க்காரனாக இருந்தால் கத்துவான்.

“நல்லா இருக்கு,” என்றான் ஓர்லின்.

“நல்லாத்தான் வந்திருக்கு,” என்றாள் லவான்.

“காபி இன்னும் ஊத்தட்டுமா?” என்றாள் மார்லிஸ்.

அவ்வளவுதான். போர் மூண்டுவிட்டது.

சாவி வைத்திருக்கும் நால்வரில் இன்னொருவன் யார் என்று நினைக்கிறீர்கள்? கொதிகலன் காப்போனே. திங்கட்கிழமை காலை அவன் வந்தான். சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை விரித்தான். லவானின் தொள்ளாயிரத்துச் சொச்சம் தையல்களை, ஒவ்வொன்றாக, துணியைக் கீறாமல், வியர்க்க வியர்க்க அறுத்தெடுத்தான். பிறகு தன் மூன்றை அங்குலந்தோறும் நட்டான். வியாழக்கிழமை அவள் வந்தாள். அவனுடைய இருநூற்றைம்பதும் மாண்டன. திங்கட்கிழமை இவன் வந்தான். அவளுடைய தொள்ளாயிரமும் மாண்டன. தைத்தவன் மறைந்தபின் பிரித்தவளும், பிரித்தவள் மறைந்தபின் தைத்தவனுமாக, ஒருவர் நிழலை ஒருவர் பாராமல், முரசு இல்லாமல், கொடி இல்லாமல், வஞ்சினம் இல்லாமல் வாரத்துக்கு இருமுறை அந்த ஏழடி நிலம் கைமாறியது. புதன்கிழமைகளில் இருவரும் அருகருகே உட்கார்ந்து வானிலை பேசினார்கள்.

“இந்த வாரம் காத்து கம்மி,” என்பான் ஓர்லின்.

“போன வாரத்துக்கு இது பரவால்ல,” என்பாள் லவான்.

அடியேனுக்கு வந்ததே ஆத்திரம். மூன்றாம் வாரம் கோப்பைகளை வேண்டுமென்றே சத்தம் போட்டு அடுக்கினேன். யாரும் திரும்பவில்லை. எட்டுப் பெண்களுக்கும் எல்லாம் தெரியும். நாலு பேர் லவான் பக்கம். அவர்கள் அவளுக்குப் பெரிய இனிப்புத் துண்டாகப் பார்த்து வைத்தார்கள். மூன்று பேர் ஓர்லின் பக்கம்; அவர்கள் அவன் வரும்போது நாற்காலியில் மெத்தை போட்டார்கள். இதற்கு மேல் வெளிப்படையாக நடந்துகொள்வது அநாகரிகம் என்று கருதினார்கள்.

ஐந்தாம் வாரம் போரிலே ஈடுபடாத ஒரு ஜீவன் சாகத் தொடங்கியது. துணி. குத்திக் குத்திப் பிரித்துப் பிரித்து, அம்மா வரிசை ஓடும் வெளிர்நீலத் துணியில் பொடித்துளைகள் விழுந்தன. இழைகள் பிசிர்விட்டன. ஆறாம் வாரத் திங்கட்கிழமை பெரும்பனி பெய்து, வீட்டுக் கதவைத் திறக்கவே ஓர்லினுக்கு மதியமாகிவிட்டது. அவனால் வர முடியவில்லை. ஆகவே புதன்கிழமை சட்டத்தில் இருந்தது லவானின் தையல். சனிக்கிழமை திருமணம். வியாழன் மதியம் போர்வையைச் சட்டத்திலிருந்து இறக்கி ஓரம் அடித்தாக வேண்டும்.

மார்லிஸ் அந்த ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு சன்னலைப் பார்த்து, சன்னலிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“இந்தத் துணி இன்னும் ஒரு தடவதான் தாங்கும். அதுக்கு மேல பிச்சுக்கும்.”

ஆறு வாரத்தில் முதன்முறையாக ஒருத்தி ‘தடவை’ என்ற கணக்கை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணி. தன் வரிசை தப்பித்ததா என்று பார்க்க லவான் சாவியைப் போட்டுத் திறந்து படியிறங்கினாள். கீழே விளக்கு எரிந்தது. ஓர்லின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். கையில் மடக்குக் கத்தி, இன்னும் விரிக்கவில்லை. அடியேன் முந்தின நாள் ஊறவைத்த கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன், குழாயை மூடிவிட்டேன். வரலாறு நடக்கும்போது தண்ணீர்ச் சத்தம் எதற்கு?

லவான் கோட்டைக் கழற்றவில்லை. நின்றபடியே, நார்ட்பி மண்ணில் எவரும் எவரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“ஓர்லின், உன் தையல் நல்லா இல்ல.”

கூரை இடியவில்லை. அவன் தலையசைத்தான்.

“தெரியும்.”

“கோணித் தையல் அது. வில்மா பாத்தா என்னா சொல்லுவா தெரியுமா?”

“தெரியும். என்னைய விட ஒனக்கு நல்லாத் தெரியும்.”

“தெரிஞ்சுமா பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிற?”

ஓர்லின் கத்தியை மேசைமேல் வைத்தான். அவன் வாழ்நாளில் பேசியவற்றுள் மிக நீண்ட பேச்சு இது; அடியேன் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

“நீ தைக்கிறது அழகா இருக்கு லவான். எல்லாத்துக்கும் தெரியும் அது நீ தச்சதுன்னு. சோன்யாவுக்கும் தெரியும். ஜீனெட் இல்ல, அதனால லவான் தச்சாங்கன்னு நெனச்சுக்குவா. அம்மா இல்லாத பொண்ணுக்கு ஊரே சேந்து பாவப்பட்டுச் செஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அவளுக்கு நான் இருக்கேன்ல. இத்தன வருசம் நான்தான் இருந்தேன். எனக்கு அவகிட்ட பேச வரல, ஒண்ணும் சொன்னதில்ல. இத தச்சுக் குடுத்துட்டா கன்னத்துல படுறப்ப அவளுக்குத் தெரியும்னு பாத்தேன்.”

பதினைந்து ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த நிலவறையில் ஒலித்தது. லவான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆறு வாரத்து வெட்கம் அல்ல, வானிலை பேசியே அந்தப் பெயரை மூடிவைத்த பதினைந்து ஆண்டு வெட்கம்.

“இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல,” என்றாள்.

“நீயும் நல்லா இல்லன்னு மொத நாளே சொல்லியிருக்கலாம்.”

“அப்படி யாராச்சும் சொல்லுவாங்களா?”

“அதான்.”

அவள் கோட்டைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து தையல் பிரிப்பானை எடுத்து, தன் பதினொன்றுகளில் முதலாவதன் அடியில் நுழைத்தாள். ஐயோ, அவை சாமானியத் தையல்களா? துணி நலிந்துவிட்டது என்று தெரிந்து, துளைகளுக்கு நடுவே நல்ல இழை தேடி, ஆயுளில் போட்டவற்றுள் ஆகச் சிறந்ததாக அவள் போட்டவை. வில்மா எண்ண வேண்டும் என்றே போட்டவை. அவற்றை இழை நோகாமல், ஒவ்வொன்றாக, ஏழடிக்கும் அவளே பிரித்தாள். துணி கிழியாமல் பிரிக்க அந்த மாவட்டத்தில் வேறு கை இல்லை. முடித்ததும் பத்து ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்தாள், ஏனென்றால் ஓர்லின் ஓர் ஊசியில் நூல் கோப்பதற்குள் பனி உருகிவிடும்.

“இழுக்காத. மூட்ட இல்ல அது,” என்றாள்.

“சரி.”

“இழுக்குறியே.”

“சரிங்கறேன்ல.”

எழுந்தான் வீரன், அதாவது நாற்காலியிலேயே சற்று நிமிர்ந்தான். ஊசியை ஏந்தினான். துளைத்த துணியில் துளைக்காத இடம் தேடி, நெற்றிச் சுருக்கம் ஏழும் கூட, அங்குலத்துக்கு மூன்றென அவன் நட்டுச் சென்ற வேகம் ஆமைக்கும் கொட்டாவி வரவழைக்கும். முதலடி வீழ்ந்தது. இரண்டாமடி வீழ்ந்தது. ஐந்தாமடியில் ஊசி தன் தலைவனையே தாக்கியது. இடக்கைச் சுட்டுவிரலிலிருந்து ஒரு துளி இரத்தம், வெளிர்நீலத்தின்மேல், கன்னம் படும் இடத்தில், சொட்டென்று விழுந்தது. ஓர்லின் முகம் செத்துப்போயிற்று. கைக்குட்டையால் துடைக்கப் போனவன் மணிக்கட்டை லவான் பிடித்தாள்.

“தேய்க்காத. எச்சில் தொட்டு வை.”

“நீ வைக்கிறியா?”

“என் எச்சில் எதுக்கு? ஒன் ரத்தத்துக்கு ஒன் எச்சில்தான் கேக்கும். துப்பு.”

போர்வை தைப்பவர்கள் எல்லோரும் அறிந்த மருந்து அது. துப்பினான் மாவீரன், மரியாதையாக, நூல்துண்டின் நுனியில். ஒற்றினான். கறை வெளுத்தது, பிறகு காணவில்லை. பதினொன்றரை மணிக்கு ஏழாமடியும் முடிந்தது. முடிச்சுப் போட்டு, முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்து மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. அப்படியே வெளியே நின்றது, மிளகளவு. லவான் அதைப் பார்த்தாள். அவள் விரல் நீண்டது. பின் மடங்கிக்கொண்டது. அவள் பெற்ற வெற்றிகளில் அதுவே பெரியது என்பது அடியேன் கருத்து.

சனிக்கிழமை. மேலே மணம் முடிந்து கீழே விருந்து. மேசைமேல் போர்வை விரிந்து கிடந்தது. மணமகன் வீட்டுப் பெரும்படை, எல்ம்விக் சபையார், பூப்போட்ட உடைகளில் அணிவகுத்து வந்தார்கள். முன்னணியில் வில்மா. துணி மோதிரங்களைப் பார்த்தாள், தலையசைத்தாள். நடுப்பகுதியை எண்ணினாள், உதடு சற்று இறுகியது, அங்கே லவானின் பதினொன்று இருந்தது. தலைமாட்டுக்கு வந்தாள். கண்ணாடி தாழ்ந்தது. ஆர்கன் வாசிக்கிற அம்மாள் கேக்கை வாயில் வைத்தபடி நின்றுவிட்டாள்.

“வித்தியாசமா இருக்கு,” என்றாள் வில்மா.

லவான் ஹெக்டால், பதினொன்றின் அரசி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசையருகே வந்தாள். ஈட்டி இல்லை, கேடயம் இல்லை. கையில் காபிக் கோப்பை. அந்த மாவட்டத்துப் போர்வை வரலாற்றில் இனி அழியாத பிரகடனத்தை, எல்லோருக்கும் கேட்கும் குரலில், வெளியிட்டாள்.

“ஆமா. அத அவளோட அப்பா தச்சாரு. மத்ததெல்லாம் நாங்க தச்சது. நாங்க தச்சத யாரு வேணாலும் தைக்கலாம்.”

வில்மா வாய் திறந்தாள். பிறகு கேக் நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

சோன்யா அப்போது இரண்டு மேசை தள்ளி நின்றாள். வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, அந்த ஓரத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாகத் தடவினாள். முடிச்சில் விரல் நின்றது. ஓர்லின் சுவரோரம், சொந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடினான்.

“அப்பா, நீங்களா?”

“ம்.”

“எப்ப?”

“திங்கக்கெழமைல. கொதிகலன் பாக்க வந்தப்ப.”

அவள் அவன் மகள்தானே. கண் நிறைந்து வழிய, அப்பாவின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“டுலூத் வழி பூரா பனி. டயர்ல காத்து பாத்தாச்சான்னு கேளு அவன்கிட்ட,” என்றான் ஓர்லின்.

“கேக்குறேன்ப்பா.”

போனார்கள். வண்டி போனபின் ஓர்லின் வாகன நிறுத்தத்தில் வெகுநேரம் பனி வாரினான். அங்கே பனி ஏற்கெனவே வாரப்பட்டிருந்தது. லவான் சன்னலில் நின்று பார்த்தாள். இத்தனை இரத்தம், இத்தனை எச்சில், இத்தனை நூல் சிந்தி அவன் வென்றது என்ன? நான்கு மணி நேரத் தூரத்தில் ஒரு கட்டிலின்மேல் கிடக்கும் ஏழடி. வீட்டில் அவனுக்கு ஒரு நாற்காலி, ஒரு தட்டு, பனி எவ்வளவு என்று கேட்க ஒரு தொலைபேசி. வீரர்களுக்குப் போருக்குப் பின் வரும் நாட்கள் பெரும்பாலும் இப்படித்தான் என்று அடியேன் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மணம் முடிந்த மூன்றாம் வாரம் ஓர்லினின் கைப்பேசி ஒலித்தது. அன்று புதன்கிழமை, ஓர்லின் நிலவறையில் இருந்தான். ஆம், இப்போதெல்லாம் அவன் புதன்தோறும் வந்து, தூளி அளவுள்ள குழந்தைப் போர்வைகளின் ஓரத்தில், யாரும் பிரிக்காத ஒரு மூலையில் தைக்கிறான். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டதை அவன் அறியவில்லை. எட்டு ஊசிகள் அந்தரத்தில் நின்றன.

“அப்பா, அந்த வரிசைல நூல் விட்டுப்போச்சு,” என்றாள் சோன்யா. “ரெண்டு எடத்துல.”

அறுந்ததா, அறுக்கப்பட்டதா? தாதியின் வீட்டில் கத்தரிக்கோலுக்குப் பஞ்சம் இல்லை என்பதைத் தவிர அடியேன் எதுவும் சொல்வதற்கில்லை. லவான் கூரையைப் பார்த்தாள்.

ஓர்லின் காது சிவந்துவிட்டது. “நான்தான் சரியா தைக்கல. அங்க யாராச்சும் நல்லா தைக்கிறவங்க இருந்தா குடுத்து...”

“யாரும் வேணாம். நீங்க தைங்க.”

“நாலு மணி நேரம் ஓட்டணுமே.”

“தெரியும்ப்பா. ஞாயித்துக்கெழம வரேன். அடுத்த தடவயும் விட்டுப்போச்சுன்னா அப்பயும் வரேன்.”

முழங்குக முரசே! ஊதுக சங்கே! நார்ட்பியின் கூரைகளில் தொங்கும் பனிக்கம்பிகளே, இறங்கி வழி விடுங்கள்! அங்குலத்துக்குப் பதினொன்றாக உலகம் தைத்து வைத்த உறுதிகளெல்லாம் ஒருபுறம் நிற்க, அங்குலத்துக்கு மூன்றாய்த் தைத்ததால் அவிழ்ந்து, அவிழ்ந்ததால் வென்ற ஓர்லின் பிரெக்கே வருகிறான், வழி விடுங்கள்! எட்டுத் திசைக் காற்றும் எல்ம்விக் சபையாரும் கேட்கட்டும். ஏரிக்கரை நகரத்து நெடுஞ்சாலை தன் பனிப்போர்வையை உதறிச் சுருட்டிக்கொள்ளட்டும். மகளைப் பெற்ற மன்னர்கள் எத்தனை பேர் எத்தனை கோட்டைகளை வென்றாலும் பெறாத அந்தப் பெரும்பேறு, அந்த மங்கல நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது.

பன்னிரண்டு மணிக்கு சோன்யா வந்தாள். அப்பா உருளைக்கிழங்கு வேகவைத்திருந்தார்.